நாலு இஞ்ச் ஓட்டை

வெயிலுக்குப் பேர்போன மெட்ராஸில், துணி காயவைக்கிற மிஷினை ரிப்பேர் செய்து வயிறு கழுவியவன் நான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், பின்னால் அதற்கு இடம் கம்மி.

சிரிக்காதவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ குடியிருந்தவர்கள். காலையில் கொடியில் வெள்ளைப் பனியனைப் போட்டுவிட்டு, சாயங்காலம் அடுப்படிக் கரித்துணியை எடுத்தவர்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் விரலை வைத்து இழுத்தால் கண்ணுக்கு மை எழுதலாம், அவ்வளவு தூள், துறைமுகத்தில் இறக்குகிற நிலக்கரியிலிருந்து பறந்து வந்தது. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாமெல்லாம் ஒரே கரியைத் தின்று, ஒரே கறுப்புச் சளியைத் துப்பியவர்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் டிரையர் என்பது எங்கள் பக்கம் கடையில் போய் வாங்குகிற சாமான் இல்லை. கப்பலில் வேலை பார்க்கிறவர்கள் கொண்டுவந்து போட்டது, வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கட்டிக்கொண்டு வந்தது, ஏலத்தில் எடுத்தது, இப்படித்தான் வந்து சேரும். ராயபுரத்தில் ஒரு பாய் அந்த மாதிரிப் பழைய மிஷின்களைச் சரிபண்ணி விற்றுக்கொண்டிருந்தார். நான் அவர் கடை மெக்கானிக். மிஷினில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. அறையில் இருக்கிற காற்றை இழுக்கும், சூடு பண்ணும், ஈரத்துணிக்குள் விடும், அந்த ஈரக் காற்றை நாலு இஞ்ச் குழாய் வழியாக வெளியே தள்ளும். அவ்வளவுதான். அந்த நாலு இஞ்ச் ஓட்டையைச் சுவரில் எங்கே போடுவது என்பதிலேயே என் ஏழெட்டு வருஷம் போனது. மிஷின் கெட்டு நான் போன வீடுகள் குறைவு. காற்று போக வழியில்லாமல் நான் போன வீடுகள்தான் அதிகம்.

எனக்கும் ஒரு மிஷின் வேண்டியிருந்தது. என் மனைவி தேவகிக்கு இளைப்பு. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி கேட்கும். பெரியாஸ்பத்திரியில், கரி படிந்த துணியை உடுத்தக் கூடாது, வீட்டுக்குள்ளும் ஈரத்துணியைக் காயப்போடக் கூடாது என்றார்கள். "அப்போ துணியை எங்க சார் காயப்போடறது?" என்று கேட்டேன். டாக்டர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டார். திருவொற்றியூரில் எங்களுக்கு ஒரே அறை, கட்டிலுக்கு மேலேதான் கொடி. ஈரப்புடவைக்குக் கீழே உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் மூச்சுக்கு மல்லுக்கட்டுவதைப் பார்த்தபடி நான் சோறு தின்றிருக்கிறேன். எப்பாடு பட்டாவது இவளுக்கு ஒரு டிரையர் கொண்டுவந்துவிட வேண்டும், இவள் நன்றாக மூச்சு விட வேண்டும். எனக்கு வேறு ஆசை ஒன்றும் அப்போது இல்லை.

கரி இல்லாத காத்து

ராயபுரத்தில் ஒரு மாடி வீடு. வீட்டுக்காரர் கப்பலில் இன்ஜினியர், பாதி வருஷம் கடல், பாதி வருஷம் வீடு. அப்போது கடல் பாதி. அவர் மனைவி கடைக்கு போன் பண்ணி, மூணு மணி நேரம் ஓடியும் ஒரு துண்டுகூடக் காயவில்லை என்று திட்டினார். போய்ப் பார்த்தேன். குழாய் சுத்தம், ஹீட்டர் செக்கச் செவேலென்று எரிகிறது, பெல்ட்டும் நல்ல பெல்ட். தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது வாசல் பக்கம் விசில் அடிக்கிற மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன். கதவடிச் சந்திலிருந்து மொசைக் தரை மேல் விசிறி விரித்தாற்போலக் கரி படிந்திருந்தது.

அந்த அம்மா கரிக்குப் பயந்து வீட்டையே மூட்டை கட்டி வைத்திருந்தார். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப். சமையலறையில் காற்றுக்கு விட்ட சிமெண்ட் ஜாலிக்கு அட்டை. மிஷின் பாவம் என்ன பண்ணும்? கிடைத்த ஒரே சந்து வழியாகத் தெருவையே உறிஞ்சிக்கொண்டிருந்தது. "எவ்வளவு காத்து வெளியே போகுதோ அவ்வளவு உள்ளே வந்தாகணும்மா. நீங்க வழி விடலேன்னா அதுவே வழி தேடிக்கும். மிஷின் ஓடுறப்போ பின்பக்க ஜன்னலைத் திறந்து வைங்க" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் போனார். கட்டையில் விரலை வைத்துத் தேய்த்து, கறுத்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"தொறக்கறேம்ப்பா, எனக்கின்னா. கரி இல்லாத காத்தா பாத்து நீயே இட்டுனு வா."

குழாய் என்றால் துணி

வட மெட்ராஸில் தண்ணீர்க் குழாய் வாயில் துணி கட்டாத வீட்டை எனக்குக் காட்டுங்கள் பார்க்கலாம். பழைய வேட்டியைக் கிழித்து, நாலாய் மடித்து, சணல் கயிற்றால் இறுக்கி ஒரு முடிச்சு. துருவும் புழுவும் துணியில் தங்கிவிடும், தண்ணீர் குடத்துக்கு வரும். பிறந்ததிலிருந்து நாம் பார்த்து வளர்ந்த சங்கதி. திருவொற்றியூரில் கிரேன் ஓட்டி ரிடையரான பெரியவர் ஒருவரும் இதைத்தான் பார்த்து வளர்ந்திருக்கிறார். மிஷினில் தீய்ந்த வாடை வருகிறது என்று கூப்பிட்டு அனுப்பினார். வெளிச்சுவரில் நான் வைத்துவிட்டுப் போன குழாய் வாயில், வேட்டித் துணி, நாலு மடிப்பு, சணல் கயிறு. முடிச்சுகூட அழகாகப் போட்டிருந்தார்.

வெளியிலிருந்து கரி வரக் கூடாது என்று அவர் கட்டினார். உள்ளேயிருந்து வருகிற துணிப்பஞ்சு எங்கே போகும்? குழாய் முழுக்கத் தலகாணி மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. போக வழியில்லாத சூடு திரும்பி, மிஷினுக்குள் தங்கியிருந்த பஞ்சு கருகி, பின்பக்கத் தகடு பழுப்பேறிக் கிடந்தது. இன்னும் இரண்டு நாள் ஓடியிருந்தால் வீடே எரிந்திருக்கும். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் துணியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். வயசுக்குக்கூட மரியாதை இல்லாமல் கத்தித் தீர்த்தேன். இன்றைக்கும் அதற்காக வெட்கப்படுகிறேன். பெரியவர் தெருவுக்குப் போய்த் துணியை எடுத்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"தண்ணிக் கொயாய்க்குக் கட்டுனா ஒடம்புக்கு நல்லது, காத்துக் கொயாய்க்குக் கட்டுனா கெட்டதா? இன்னா நாயம்ப்பா இது?"

நெத்திலி

காசிமேட்டுப் பக்கம் மீன் விற்கிற லோகம்மாவுக்கு, கப்பலில் எடுபிடி வேலை பார்த்த தம்பி ஒரு டிரையர் கொண்டுவந்து கொடுத்திருந்தான். மிஷினில் காய்ந்த துணியெல்லாம் நாறுகிறது என்பது புகார். மழைக்காலம். பின்பக்கத் தாழ்வாரத்தில் போய்ப் பார்த்தால், குழாய் வாய்க்கு நேரே ஒரு கட்டில், கட்டில் மேல் வலை, வலை மேல் நெத்திலி. சுடச்சுட வருகிற காற்றில் ஜம்மென்று காய்ந்துகொண்டிருந்தது. குழாய்க்கு ஒரு முழத்தில் ஜன்னல். வெளியே போன காற்று நெத்திலியை விசாரித்துவிட்டு, ஜன்னல் வழியாகத் திரும்பி மிஷினுக்கே வந்துகொண்டிருந்தது. குழாய் வாயை ஜன்னல் பக்கத்தில் வைத்தவன் நான்தான், அதைச் சொல்லாமல் அவளைத் திட்டினேன்.

"சொம்மா போற காத்து தானே, எடுத்துகினா இன்னா?" என்று முதலில் மல்லுக்கு நின்றாள். பையனுடைய யூனிஃபார்ம் நாற்றத்துக்கும் இதுதான் காரணம் என்றதும் குரல் இறங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவனைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்களாம். அவன் அதை அம்மாவிடம் சொல்லவே இல்லையாம், பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரியுமாம். நான் குழாயை எதிர்ச்சுவருக்கு மாற்றிக் கொடுத்தேன். அவள் கட்டிலை இழுத்து மழையில் போட்டாள். போகும்போது என் வீட்டுக்கு என்று ஒரு பொட்டலம் நெத்திலி கட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"மீனு வித்துதான் நைனா அந்த யூனிபாரமே வாங்குனேன். அதுல மீன் வாட வரக் கூடாதுன்னா நா எங்க போறது?"

நீளமான பைப்

தண்டையார்பேட்டையில் ஒரு கப்பல் சமையல்காரர். பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வரக் கூடாது என்று, மிஷினிலிருந்து தெருவரை, இரண்டு அறை தாண்டி, மடங்கி மடங்கி ஒரு பிளாஸ்டிக் ஹோஸ் விட்டிருந்தார். நடுவில் அது தொட்டில் மாதிரி தொங்கியது. தூக்கிப் பார்த்தேன், கனத்தது. ஈரக் காற்று வழியிலேயே குளிர்ந்து, தொட்டிலில் ஒரு குடம் தண்ணீர். கத்தியால் கீறியதும் அவருடைய மெத்தை மேல் பஞ்சும் தண்ணீருமாக ஊற்றியது. காற்றுக்கு நேர்வழியும் குட்டை வழியும்தான் பிடிக்கும் என்று நான் சொன்னதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெட்ட காத்து தொலவா போவட்டும்னு நீட்டமா வுட்டேன். அது பாதி வயில என் வூட்லயே குந்திகிச்சி."

ஆணி அடிக்கக் கூடாத வீடு

எண்ணூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த முனுசாமி வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு மூக்கு அடைத்தது. குளியலறைக்குள் நுழைகிற மாதிரி ஒரு புழுக்கம். சுவரெல்லாம் வியர்த்திருந்தது. மிஷின் ஹோஸை ஒரு வாளித் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். வாளியில் பஞ்சு மிதந்தது. பக்கத்தில் பாயில் ஒரு குழந்தை, இரண்டு வயசிருக்கும், இருமி இருமி முகமெல்லாம் சிவந்து கிடந்தது. எனக்கு தேவகி ஞாபகம் வந்துவிட்டது, அதனால் கோபமும் வந்துவிட்டது.

"பஞ்சு வாளியில நிக்கும், ஈரம் நிக்குமாய்யா? ஒரு மூட்டைத் துணியில இருந்த தண்ணி மொத்தமும் இந்த ரூம்லதானே சுத்துது? அதைத்தானே இந்தப் புள்ளை மூச்சா இழுக்குது? படிச்சவன் மாதிரி இருக்கே, அறிவு வேணாம்?" என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். சுவரில் ஓட்டை போடச் சாமானோடுதான் போயிருந்தேன். உளியை எடுத்ததும் அவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஹவுஸ் ஓனருக்குத் தெரிந்தால் அன்றைக்கே காலி பண்ணச் சொல்லிவிடுவாராம். கடைசியில், மிஷின் ஓடும்போது ஹோஸை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி, சுற்றிலும் அட்டை வைத்து அடைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வாசல்வரை வந்தவர், பணிவாகத்தான் கேட்டார்.

"செவுத்துல ஒரு ஆணி அடிக்க வுட மாட்டான், ஓட்டையா போட வுடுவான்? கோச்சிக்காத நைனா, நீ சொந்த வூட்லயா கீற?"

ஆஸ்பத்திரி வெள்ளை

மொபெட்டைக் கிளப்பினேன். நானும் வாடகை வீடுதான். எங்கள் ஓனர் நாயகம் மாடியில் இருந்தார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ரிடையரானவர், வார்த்தைக்கு வார்த்தை சட்டம் பேசுவார். அவருக்கு தேவகியின் இளைப்பு தெரியாது. தெரியக் கூடாது என்று நாங்கள் வைத்திருந்தோம். இதற்கு முன்னால் இருந்த வீட்டில், அவள் இருமலைக் கேட்டுவிட்டு, டி.பி. என்று முடிவு கட்டி, வாரத்துக்குள் சாமானைத் தூக்க வைத்தார்கள். இளைப்பு ஒட்டுவாரொட்டி இல்லை என்று நான் தொண்டை கிழியச் சொன்னதை யார் கேட்டார்கள்? அதனால் இந்த வீட்டில், நாயகம் படியிறங்கும் சத்தம் கேட்டால் தேவகி முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். அவர் தெருமுனை போகிறவரை அடைத்தபடியே நிற்பாள். நானும் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பாய் கடையில் செத்துப்போன மிஷின்கள் இரண்டு கிடந்தன. ஒன்றின் வயிற்றை எடுத்து இன்னொன்றில் வைத்து ஒரு மிஷின் தேற்றினேன். "எடுத்துனு போ, பாவம் அந்தப் பொண்ணு மூச்சு வுடட்டும்" என்று பாய் கொடுத்துவிட்டார். நாயகத்திடம் படியில் வைத்துக் கேட்டேன், "சார், ஒரு மிஷின் வாங்கியிருக்கேன், சந்துப் பக்கச் சுவர்ல நாலு இஞ்ச் ஓட்டை ஒண்ணு..." முடிக்கவிடவில்லை. "சுவத்துல கை வெச்சா மறுநாளே காலி பண்ணணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். ஏன் எதற்கு என்று நான் சொல்லவில்லை. ஊரிலுள்ளவனிடமெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவன், அங்கே வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்புறம் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். வாளியில் தண்ணீர் பிடித்து, ஹோஸை அதன் மேல் தொங்கவிட்டேன். ஒதுக்குப்புறமாகக் குளியலறையில்தானே இருக்கிறது, கதவை மூடிக்கொண்டால் போச்சு, எண்ணூர்க்காரர் மாதிரி நடுவீட்டிலா வைத்திருக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கதவுக்கு மேலே அரை அடிக்கு மேல் திறப்பு இருந்தது. அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். முதல் தடவை துணி காய்ந்து வந்ததும் தேவகி தலகாணி உறையை எடுத்து முகத்தில் அழுத்தி மோந்து பார்த்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"யோவ், மெய்யாலுமே இது நம்மள்துதானா? ஆஸ்பத்திரித் துணி கணக்கா வெள்ளையா கீதுய்யா!"

டாக்டர் கேட்ட கேள்வி

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. நானும் விடாமல் மிஷினை ஓட்டினேன். கட்டிலுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாக ஏதோ படிய ஆரம்பித்தது. வடக்கே பிறந்தவனுக்குக் கறுப்பு என்றால் ஒன்றுதானே தெரியும்? கரி என்றே நினைத்தேன். துடைத்தேன், நாலு நாளில் திரும்ப வந்தது. எங்கிருந்தோ உள்ளே வருகிறது என்று ஜன்னலை இறுக்கிச் சாத்தினேன். சமையல் மேடைக்கு மேலிருந்த சிமெண்ட் ஜாலிக்கு அட்டை வைத்து டேப் ஒட்டினேன். ராயபுரத்து அம்மாவின் அட்டையும் எண்ணூர்க்காரரின் வாளியும் இப்போது என் வீட்டில். அடுத்தவர் வீட்டில் வாசலிலேயே மோப்பம் பிடிக்கிற என் மூக்கு, சொந்த வீட்டில் செத்துக் கிடந்தது.

தேவகிக்கு மாடிப்படி இரண்டு ஏறினால் மூச்சு வாங்கியது. அப்புறம் குடம் தூக்க முடியவில்லை. அப்புறம் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. வெளியே இருக்கிற கரிதான் இவளைக் கொல்கிறது என்று நான் ஊரையே திட்டிக்கொண்டு இன்னும் இறுக்கமாக ஜன்னலைச் சாத்தினேன். ஒருநாள் மதியம் நான் சாப்பிட வந்தபோது கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது. ஆட்டோவில் என் மேல் சாய்ந்துகொண்டு வந்தாள். அந்த இருபது நிமிஷத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை.

ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, முகமூடியில் மருந்துப் புகை கொடுத்து, ஒருவழியாக மூச்சைத் திருப்பினார்கள். டியூட்டி டாக்டர் ஒரு சின்ன வயசு அம்மா. சீட்டில் எழுதிக்கொண்டே, வீட்டில் ஈரம் எங்கேயாவது இருக்கிறதா, சுவரில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று கேட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சொட்டு ஈரம் கிடையாது டாக்டர். துணி வெளியவும் காயறதில்ல, கொடியிலயும் காயறதில்ல. டிரையர் வெச்சிருக்கேன். நானே அந்த மிஷின் மெக்கானிக்குதான்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. பேனாவும் நிற்கவில்லை.

"சரி, துணியில இருந்த தண்ணி எங்க போகுது?"

சந்துப் பக்கச் சுவர்

இந்தக் கேள்வியை நான் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன்! எத்தனை பேரை அறிவில்லையா என்று திட்டியிருக்கிறேன்! பெண்கள் வார்டில் சாயங்காலம்தான் உள்ளே விடுவார்கள். நேரே வீட்டுக்கு வந்து கட்டிலை இழுத்துப் போட்டேன். சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெல்வெட் மாதிரி கறுப்பு. விரலால் தொட்டேன், கரி மாதிரி உதிரவில்லை, வழவழவென்று ஈரமாக ஒட்டியது. அவள் தலை வைத்துப் படுக்கிற இடத்தில்தான் தடிப்பாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். பிறகு எழுந்து சுத்தியையும் உளியையும் எடுத்தேன்.

சந்துப் பக்கச் சுவரில் பாதி ஓட்டை விழுந்திருந்தபோது நாயகம் கத்திக்கொண்டே இறங்கி வந்தார். "யாரைக் கேட்டு உடைக்கிறே? நீ இன்னா நெனச்சிகினு கீற?" என்றார். கோபம் வந்தால் அவருக்கும் சட்டத் தமிழ் போய் நம்ம பாஷை வந்துவிடும். நான் திரும்பாமல் உடைத்துக்கொண்டே சொன்னேன். இளைப்பைச் சொன்னேன், முந்தானையைச் சொன்னேன், வாளியைச் சொன்னேன், நீல உதட்டைச் சொன்னேன். காலி பண்ணச் சொன்னால் நாளைக்கே பண்ணுகிறேன், இன்றைக்கு மட்டும் என்னைத் தடுக்காதீர்கள் என்றேன். பின்னால் செருப்புச் சத்தம் வாசல் பக்கம் போனது. போய்விட்டார் என்று நினைத்தேன். ஓட்டை மறுபக்கம் திறந்ததும் பார்த்தேன், சந்துக்குள் நின்றுகொண்டிருந்தார்.

நேரான குழாய், ஒரு மடக்கு கிடையாது. வாயில் துணி கிடையாது, காற்று தள்ளும்போது தானே திறந்து தானே மூடிக்கொள்ளும் மூடி. ஜன்னல் எதிர்ச்சுவரில். ஜாலியிலிருந்து அட்டையைக் கிழித்துவிட்டேன். என் தொழிலிலேயே உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான். குழாயின் வெளிமுனையை நாயகம் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, நான் உள்ளேயிருந்து சிமெண்ட் பூசினேன். முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே பக்கெட்டில் கை கழுவினோம். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நீ மிஷினுக்குன்னுதானே ஓட்ட கேட்ட? பொண்டாட்டிக்குன்னு எப்போ கேட்ட?"

தேவகி கை நீட்டியது

ஒன்பதாம் நாள் தேவகி வீட்டுக்கு வந்தாள். அதற்குள் சுவரைச் சுரண்டி, பிளீச்சிங் போட்டுக் கழுவி, சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தேன். அவள் நாயகத்தின் முன்னால் வாயைப் பொத்தாமலே இருமினாள். அவர் அவள் உட்கார நாற்காலியை நகர்த்திப் போட்டார். மிஷினில் ஆஸ்பத்திரித் துணிகளைப் போட்டு ஓட்டினேன். எனக்கு ஒரு அல்ப ஆசை, அவளிடம் வேலையைக் காட்ட வேண்டும். கையைப் பிடித்து மெல்லச் சந்துக்குக் கூட்டிப்போனேன். "நுரையீரல்ல பழுதாயிட்டது பழுதானதுதான், இனிமே ஆகாம பாத்துக்குங்க" என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். அதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அதற்கப்புறம் அவள் நாலு வருஷம் இருந்தாள் என்பதை உங்களிடமும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மூடி திறந்து சூடான காற்று வந்துகொண்டிருந்தது. மழைக்குப் பிந்தின குளிர், அதனால் ஆவி கண்ணுக்கே தெரிந்தது, கொத்துக் கொத்தாய் வெளியேறி எதிர்ச்சுவரை நனைத்தது. தேவகி குழாய்க்கு நேரே கையை நீட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு நனைந்துபோன உள்ளங்கையைத் திருப்பி எனக்குக் காட்டினாள். கோபமாக இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தெரியாததைத் தெரிந்துகொள்கிற மாதிரிதான் கேட்டாள்.

"ஏன்யா, இத்தினி நாளா இது அத்தினியும் எனக்குள்ளதான் போய்கினு இருந்துச்சா?"

ஊரில் பாதிச் சுவரை உடைத்து ஈரத்தை வெளியே அனுப்பிய கெட்டிக்கார மெக்கானிக்குக்கு, சொந்தச் சுவரை உடைக்க மட்டும் ஒரு மழைக்காலம் லேட்டாகிவிட்டது.